வீட்டை விட்டு வந்தது நான்தான். ‘கைவிட்டுப் போனாள்’ என்று கணவர் வழக்குப் போட முடியுமா?

மழைக்காலம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2017இல் கல்யாணம், பெரியவர்கள் பார்த்து முடித்தது. நான் திருச்சிப் பக்கம், அவருக்குச் சென்னையில் வேலை. ஒரு பெண் குழந்தை. 2022 மார்ச்சில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவரும் வந்து கூப்பிடவில்லை. அவருடைய சித்தப்பா ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டு “பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட ஒரு ரூபாய் வந்ததில்லை.

ஏன் வந்தேன் என்றால்: என் சம்பள ஏ.டி.எம். கார்டு அவரிடம்தான் இருக்கும். ராத்திரி போனை வாங்கி யார் யாருடன் பேசினேன் என்று பார்ப்பார். கோபம் வந்தால் வாரக்கணக்கில் பேச மாட்டார். இரண்டு முறை கை நீட்டியிருக்கிறார். கடைசியில் என் தம்பி முன்னாலேயே “இது யார் குழந்தையோ” என்று சொன்னார். மறுநாள் கிளம்பிவிட்டேன். போலீசில் புகார் எதுவும் கொடுக்கவில்லை. அப்பா வேண்டாம் என்றார்.

இப்போது அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எந்தக் காரணமும் இல்லாமல் நான் அவரைக் கைவிட்டுச் சென்றேனாம். 15 நாளுக்குள் வந்து சேர வேண்டுமாம், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் நடவடிக்கையாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் “வாசலைத் தாண்டி வந்தது நீதானே, கேஸ் உனக்கு எதிராத்தான் போகும்” என்கிறார்கள். எனக்கு மணமுறிவு வேண்டும். ஆனால் காரணம் என்று எதைச் சொல்வது? கொடுமையா, கைவிட்டதா? கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் இதெல்லாம் நிற்குமா?

வாய்தா_வாங்கியவன்:

சகோதரி, முதல் வேலை, நோட்டீசுக்குப் பதில் போடுங்கள். “அவன் அனுப்பினா அனுப்பட்டும்” என்று பீரோவில் வைத்துவிடாதீர்கள். நாளைக்குக் கோர்ட்டில் “கூப்பிட்டோம், பதில்கூட இல்லை” என்று இதைத்தான் காட்டுவார்கள். பதிலை ஒரு வக்கீல் மூலமாகவே போடுங்கள், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள், அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். மீதியை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் முடி நரைத்தவன், சட்டம் படித்தவன் இல்லை.

தஞ்சை_அத்தை:

கண்ணு, பெண் குழந்தை இருக்கு. ஆம்பளைக்குக் கோபம் வர்றதும் போறதும் சகஜம். அவரே “வா”ன்னு நோட்டீஸ் அனுப்பியிருக்காருன்னா மனசுல ஒரு ஓரத்துல ஆசை இருக்குன்னுதானே அர்த்தம்? பெரியவங்கள வச்சுப் பேசிப் பாரும்மா. கோர்ட்டுப் படி ஏறினா இறங்க வருஷக்கணக்காகும்.

மழைக்காலம்:

அத்தை, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் குழந்தையின் பிறந்தநாளுக்குக்கூட ஒரு போன் செய்யாதவருக்குத் திடீரென்று ஆசை வந்தது நோட்டீஸ் வழியாகத்தான் எனக்கே தெரிகிறது.

கருப்புக்கோட்டு:

குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக. முதலில் உங்கள் பயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் பிரிவு 13(1)(ஐ-பி)தான் கைவிடல். மனுப் போடும் தேதிக்கு முன்பு தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கைவிட்டிருக்க வேண்டும். எல்லாரும் இந்த இரண்டு வருடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். “ரெண்டு வருஷம் தள்ளி இருந்தா டைவர்ஸ்” என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தள்ளி இருப்பது பாதிதான். இல்லறத்தை நிரந்தரமாக முடித்துக்கொள்ளும் எண்ணம் அதனோடு சேர வேண்டும். தக்க காரணம் இருக்கக் கூடாது, மற்றவரின் சம்மதமும் இருக்கக் கூடாது. பிபின்சந்திர ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அந்த வழக்கில் மனைவிதான் வீட்டை விட்டுப் போனவர், வழக்குப் போட்டவர் கணவர். ஆனாலும் கைவிடல் நிரூபணமாகவில்லை என்று கணவரின் வழக்கு தோற்றது.

ஆக, வாசலைத் தாண்டியவர் யார் என்று நீதிமன்றம் பார்க்காது. யாருடைய நடத்தையால் வீடு உடைந்தது என்று பார்க்கும். ஒருவர் தம் நடத்தையால் மற்றவரை வீட்டை விட்டுப் போகும் நிலைக்குத் தள்ளினால், வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் கைவிட்டவர் அவர்தான். தவிர, அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே வேண்டுமென்றே கவனிக்காமல் புறக்கணிப்பதும் கைவிடலில் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் கதையில் குழந்தைக்குப் பணமே அனுப்பாத அந்த வருடங்கள் அங்கேதான் வந்து உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அவர் மனப்பூர்வமாகக் கூப்பிட்டு, நீங்கள் காரணமே சொல்லாமல் மறுத்தால் கதை திரும்பிவிடும். அதனால் நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது “எந்தக் காலத்திலும் வர மாட்டேன், ஆனதைப் பார்த்துக்கொள்” என்று கோபத்தில் ஒரு வரி எழுதிவிடாதீர்கள். ஏன் வந்தீர்கள், வந்த பிறகு அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். பிற்பாடு வழக்கில் நீங்கள் சொல்லப்போவதும் அந்தப் பதிலும் ஒத்துப்போக வேண்டும். குறுக்கு விசாரணையில் முதலில் கையில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

நெல்லைக்காரன்:

சார், இதே விஷயம் தலைகீழாக இருந்தால் இந்த மன்றத்தில் யாராவது இப்படி எழுதுவார்களா? என் மனைவி கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானே பலமுறை போய்க் கூப்பிட்டேன், மாமனார் கதவைத் திறக்கவில்லை. இப்போது என் வயதான அம்மாவையும் சேர்த்து 498ஏ, அதாவது மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகக் கிரிமினல் புகார். ஆண்களுக்கு என்று ஒரு சட்டமும் இல்லை.

கருப்புக்கோட்டு:

நெல்லைக்காரரே, பிரிவு 13 ‘கணவரோ மனைவியோ’ என்றுதான் தொடங்குகிறது. கைவிடல், கொடுமை இரண்டும் உங்களுக்கும் உண்டு. நீங்கள் போய்க் கூப்பிட்டதற்கு யார் சாட்சி, எப்போது போனீர்கள், கடிதமோ குறுஞ்செய்தியோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உண்மையாகவே காரணமில்லாமல் அவர் போயிருந்து இரண்டு வருடமும் கடந்திருந்தால் உங்கள் வழக்கு நல்ல வழக்கு.

புகார் விஷயம்: பொய்யான கிரிமினல் புகார், கேவலமான குற்றச்சாட்டுகள் மனரீதியான கொடுமை என்று 2013இல் சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் புகார் கொடுத்ததாலேயே கொடுமை ஆகிவிடாது, அது பொய் என்பது வெளிப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குப் பழைய 498ஏ கிடையாது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள். உங்கள் கதையைத் தனி இழையில் போடுங்கள், இங்கே இரண்டும் கலந்தால் இருவருக்கும் குழப்பம்.

சட்டமாணவி:

கொடுமை பற்றி நான் கொஞ்சம். 1976 திருத்தத்துக்கு முன்பு இந்துச் சட்டத்தில் கொடுமையைக் காட்டி மணமுறிவே கேட்க முடியாது, நீதிமன்றப் பிரிவினை (திருமணம் முறியாமல் பிரிந்து வாழ அனுமதி) மட்டும்தான் கேட்கலாம். அதுவும் “இவரோடு வாழ்ந்தால் எனக்குத் தீங்கோ கேடோ வரும்” என்ற நியாயமான அச்சம் இருந்ததாகக் காட்ட வேண்டும். இப்போதைய 13(1)(ஐ-ஏ)வில் அந்த வாசகம் இல்லை. ‘கொடுமையாக நடத்தியிருந்தால்’ என்று மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் அடி உதை இல்லாத கொடுமையும் உள்ளே வர முடிந்தது. சமர் கோஷ் வழக்கில் (2007) மனரீதியான கொடுமைக்கு உச்ச நீதிமன்றம் உதாரணங்களை அடுக்கியது. அந்தப் பட்டியல் முழுமையானது அல்ல என்றும் அங்கேயே சொல்லிவிட்டது. அலட்சியம், புறக்கணிப்பு எல்லாம் அதில் உண்டு. சாதாரணச் சண்டை சச்சரவு, அன்றாட உரசல் கொடுமை ஆகாது என்பதும் உண்டு.

இன்னொன்று, நிரூபணத்தின் அளவு. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடும் என்பதற்கான வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தால் போதும் என்பது 1975இன் தாஸ்தானே வழக்கிலேயே முடிவான விஷயம். ‘ஆதாரமே இல்லை’ என்று நீங்கள் நினைப்பது போலீஸ் கேஸ் கணக்கில்.

மழைக்காலம்:

புறக்கணிப்புகூட வருமா? அவர் வாரக்கணக்கில் பேசாததை நான் எழுதும்போதே ‘இதெல்லாம் ஒரு காரணமா’ என்று யோசித்துக்கொண்டுதான் எழுதினேன். அடித்ததுதான் பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

கருப்புக்கோட்டு:

உங்கள் பதிவில் சட்டக் கண்ணுக்கு முதலில் படுவது அடி இல்லை. “இது யார் குழந்தையோ” என்ற வாக்கியம். மனைவியின் நடத்தை மீது ஆதாரமில்லாமல் பழி சுமத்துவதை நீதிமன்றங்கள் மிகக் கடுமையான மனக் கொடுமையாகப் பார்க்கின்றன. 2003இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. அதில் கணவர் எதிருரையில் (மனுவுக்குத் தரும் எழுத்துப் பதிலில்) மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றிக் கண்டபடி எழுதிவிட்டு, பிறகு திருத்த மனுப் போட்டு அந்த வரிகளை நீக்கிவிட்டார். நீக்கினாலும் எழுதிய காயம் எழுதியதுதான், அது கொடுமையே என்று தீர்ப்பு வந்தது. உங்கள் தம்பி நேரடிச் சாட்சி. தம்பி என்பதால் அவர் சொல் செல்லாது என்பதில்லை. நான்கு சுவருக்குள் நடப்பதற்கு உறவுக்காரர்தானே சாட்சி, ஊராரா வர முடியும்?

மனுவில் ‘அடிக்கடி கொடுமைப்படுத்தினார், மன உளைச்சல் தந்தார்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பாதி மனுக்கள் ஒரே அச்சில் வார்த்தவை. எந்த வருடம், எந்த மாதம், எந்த வீடு, யார் இருந்தார்கள், என்ன சொன்னார், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத வேண்டும். தேதி சரியாக ஞாபகம் இல்லாவிட்டால் ‘அந்த வருடத் தீபாவளிக்கு முந்தைய வாரம்’ என்று எழுதலாம். கற்பனைத் தேதி மட்டும் போடாதீர்கள்.

ஊர்சுற்றி:

அஞ்சு வருஷம் பிரிஞ்சிருந்தா தானாவே விவாகரத்து ஆயிடும்னு படிச்சேனே? சும்மா காத்திருந்தாப் போதாதா?

சட்டமாணவி:

எதுவும் தானாக ஆகாது. எத்தனை வருடம் பிரிந்திருந்தாலும் நீதிமன்றத் தீர்ப்பாணை இல்லாமல் திருமணம் முடியாது. திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பது இந்துத் திருமணச் சட்டத்தில் இன்று வரை ஒரு காரணமே இல்லை. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது என்னவென்றால், உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142ஆம் உறுப்பு தரும் தனி அதிகாரத்தால் அந்தக் காரணத்துக்காக மணமுறிவு தரலாம் என்று. குடும்ப நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தர முடியாது. செய்தித் தலைப்பை மட்டும் படித்தவர்கள்தான் ‘புதுச் சட்டம் வந்துவிட்டது’ என்று பரப்பிவிட்டார்கள். ஆனால் நெடுநாள் பிரிவை, கொடுமையை எடைபோடும்போது கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள், அது உண்மை.

செம்பருத்தி:

எங்கள் ஊரில் பஞ்சாயத்தில் பேசி, பத்திரத் தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு அத்து விட்டுவிடுவார்கள். நோட்டரி முத்திரையும் இருக்கும். அது செல்லாதா?

கருப்புக்கோட்டு:

பெரும்பாலும் செல்லாது. சாதி வழக்கப்படி மணமுறிவு உண்டு என்றால் பிரிவு 29(2) அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக இடைவிடாமல் இருக்கிறது என்பதை அதைச் சொல்பவர் நிரூபிக்க வேண்டும், அது லேசில்லை. அந்தத் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துவிட்டு இருதார வழக்கில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமலி:

கிறிஸ்தவர்களுக்கும் இதே சட்டம்தானா?

சட்டமாணவி:

இல்லைங்க, உங்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்துக்குப் பிறகு அதிலும் கொடுமை, இரண்டு வருடக் கைவிடல் இரண்டும் தனித்தனிக் காரணங்கள், இருபாலருக்கும்.

மட்டுறுத்துநர்:

இந்துத் திருமணச் சட்டம் தவிர்த்த கேள்விகளுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

மழைக்காலம்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு உறுத்தல். முதல் தடவை அவர் அடித்தபோதும் அம்மா வீட்டுக்கு வந்தேன். குழந்தைக்குக் காதுகுத்து வந்ததால் பெரியவர்கள் சமாதானம் பேசித் திரும்பிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் போல ஒன்றாகத்தான் இருந்தோம். “மன்னிச்சு வாழ்ந்துட்டு இப்ப என்ன கேஸு” என்று கேட்க மாட்டார்களா?

இரண்டாவது, அவர் உண்மையாகவே ‘சேர்ந்து வாழ வேண்டும்’ என்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டால் போலீஸ் வந்து என்னைக் கூட்டிப் போய்விடுமா? அப்பா ராத்திரி தூங்குவதில்லை.

கருப்புக்கோட்டு:

கேட்பார்கள். பிரிவு 23(1)(பி)யில் கொடுமையை மன்னித்து ஏற்றுக்கொண்டிருந்தால் அதைக் காரணமாகக் காட்ட முடியாது என்று இருக்கிறது. ஆனால் அந்த மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை உள்ளேயே இருக்கிறது, மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்று. மறுபடி நடந்தால் பழையதும் உயிர்பெற்று எழுந்துவிடும். தாஸ்தானே தீர்ப்பிலேயே இது விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. அதனால் முதல் அடி, சமாதானம், காதுகுத்து, அதற்குப் பிறகு நடந்தவை என்று எல்லாவற்றையும் மறைக்காமல் மனுவில் வரிசையாகச் சொல்லுங்கள். சமாதானம் பேசிப் போனதை ஒளித்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் காதுகுத்துப் போட்டோவை எடுத்து நீட்டும்போது முழிப்பதுதான் ஆபத்து. நீங்களே சொன்னால் அது உங்களுக்குச் சாதகம். குடும்பத்தைக் காப்பாற்ற முயன்றவர் என்று தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு, அப்பாவை நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள். பிரிவு 9இன்படி ‘சேர்ந்து வாழ வேண்டும்’ என்று தீர்ப்பு வந்தாலும் எந்தப் போலீசும் யாரையும் கூட்டிப்போய் வீட்டில் விட முடியாது. அந்த ஆணையை மீறினால் அதிகபட்சம் சொத்தை ஜப்தி செய்யலாம், ஆளைப் பிடிக்க முடியாது. அதோடு அந்த மனுவில் நீங்கள் வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்று காட்டினால் மனுவே தள்ளுபடி ஆகும்.

அவர் பக்கத்து வக்கீல் ஏன் அந்தப் பாதையில் போகிறார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பிரிவு 9 ஆணை கிடைத்து ஒரு வருடம் ஆகியும் சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி 13(1ஏ)யின்படி மணமுறிவு கேட்கலாம். சேர்ந்து வாழ ஆசை என்று மனுப் போட்டு, நீங்கள் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆணை வாங்கி, ஒரு வருடம் கழித்து விவாகரத்துக்குப் போவது பழைய தந்திரம். ஜீவனாம்ச வழக்கிலும் ‘நான் கூப்பிட்டேன், அவள்தான் வரவில்லை’ என்று அதே ஆணையைக் காட்டுவார்கள். அதனால் அவர் மனுப் போட்டால் முதல் வாய்தாவிலேயே வக்காலத்துப் போட்டு எதிருரை தாக்கல் செய்யுங்கள்.

வாய்தா_வாங்கியவன்:

எக்ஸ்பார்ட்டி என்றதும் ஒன்று. சம்மன் வந்தால் வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடும் என்று எங்கள் தெருவில் ஒருவர் நம்பினார். வழக்கு அவர் இல்லாமலே ஓடி முடிந்தது. எக்ஸ்பார்ட்டியை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம்தான், அதற்கு 30 நாள் கெடு, தாமதத்துக்கு வேறு காரணம் சொல்லி மனு, அந்த மனுவுக்கு வேறு வாய்தா.

தஞ்சை_அத்தை:

இவ்வளவும் படிச்சப்புறம் எனக்கே ‘போய்ச் சேரு’ன்னு சொல்ல வாய் வரலை கண்ணு. குழந்தையப் பத்தி அப்படிப் பேசினான்னு நான் சரியாப் படிக்கலை. ஒண்ணு கேக்கறேன், நகை எங்க இருக்கு? சீர் சாமான் பட்டியல் இருக்கா? கல்யாணத்துக்கு நகை வாங்கின ரசீது அப்பாகிட்ட இருந்தா எடுத்து வை. நகையைப் போட்டுக்கிட்டிருக்கற கல்யாண போட்டோவும் எடுத்து வை. எங்க வீட்டுப் பொண்ணு விஷயத்துல அந்த போட்டோதான் பேசிச்சு.

சட்டமாணவி:

அத்தை சொல்வது சட்டத்திலும் சரி. சீதனம் முழுக்க மனைவியின் சொத்து. திருமணத்தின்போது இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொருள்கள் பற்றிப் பிரிவு 27இன் கீழ் அதே வழக்கிலேயே ஆணை கேட்கலாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் சீதனத்தைத் திரும்பக் கேட்கலாம்.

மழைக்காலம்:

ரசீது அப்பா வைத்திருக்கிறார் அத்தை. நகையில் பாதி அவர்கள் லாக்கரில்.

நான் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் சொற்பம். சம்பாதிக்கிறவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று அவர் சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். சரியா? அப்புறம், வழக்குக்காக ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ஓட வேண்டுமா?

கருப்புக்கோட்டு:

ஓட வேண்டாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 19இன்படி மனைவி மனுதாரராக இருந்தால், மனுப் போடும் நாளில் அவர் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். அவர் முந்திக்கொண்டு சென்னையில் போட்டுவிட்டால், உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனுப் போட்டு உங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியும். குழந்தையோடு இருக்கும் பெண்ணின் சிரமத்தைப் பொதுவாகக் கருணையோடு பார்க்கிறார்கள்.

சித்தப்பா தவறாகச் சொல்லியிருக்கிறார். சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்ச உரிமை போய்விடாது. உங்கள் வருமானம் அந்த வீட்டில் இருந்த வாழ்க்கைத் தரத்துக்கு ஈடுகொடுக்குமா என்று பார்ப்பார்கள். குழந்தையின் பராமரிப்பு தனிக் கணக்கு, அதில் அப்பாவுக்குத் தப்பிக்க வழியில்லை. வழக்கு நடக்கும்போதே பிரிவு 24இன் கீழ் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேளுங்கள். நோட்டீஸ் சார்வான (எதிர்த்தரப்பிடம் சேர்ந்த) நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. அதன் கீழும் தனியாகக் கேட்கலாம், ஒன்றில் வாங்குவதை மற்றதில் கழித்துக்கொள்வார்கள்.

2020 ரஜ்னேஷ் வழக்குக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான். ‘எனக்கு வேலையே இல்லை’ என்று கை விரிப்பவர்கள் இப்போது வங்கிக் கணக்கோடு அகப்பட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் உங்கள் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள்.

சட்டமாணவி:

வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இன் பிரிவு 12இன்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100.

நெல்லைக்காரன்:

மேலே கோபத்தில் எழுதினேன், சகோதரிக்கு எதிராக இல்லை. எனக்கும் ஒரு சந்தேகம், இவருக்கும் உதவும். போனில் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எதிராளிக்குத் தெரியாமல் எடுத்தது செல்லாது என்கிறார் என் வக்கீல்.

கருப்புக்கோட்டு:

உங்கள் வக்கீல் சொன்னது ஒரு காலம் வரை விவாதத்துக்குரிய விஷயமாக இருந்தது, உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கிடையிலான வழக்கில் இப்படிப்பட்ட ரகசியப் பதிவையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்த்துவிட்டது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 14 ஏற்கெனவே சாட்சிய விதிகளைத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறது. எடுத்துக்கொள்வது வேறு, நம்புவது வேறு. குரல் யாருடையது, வெட்டி ஒட்டியதா என்றெல்லாம் கேள்வி வரும். அசல் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். முன்பு 65பி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது.

மழைக்காலம் அவர்களே, உங்களுக்கும் இதுதான். “ஆதாரமே இல்லை” என்றீர்கள். உங்கள் சம்பளக் கணக்கின் வங்கி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் சம்பளத்தைச் சென்னையில் எந்த ஏ.டி.எம்.மில், எந்த நேரத்தில் எடுத்திருக்கிறார்கள் என்று இருக்கும். நீங்கள் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பணம் எடுக்கப்பட்டிருந்தால் கார்டு யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பள்ளிக் கட்டண ரசீதெல்லாம் உங்கள் பெயரில், உங்கள் அப்பா பெயரில் இருக்கும். அடித்தபோது எந்த மருத்துவரிடமாவது போனீர்களா?

மழைக்காலம்:

போனேன். கீழே விழுந்ததாகச் சொன்னேன். சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

கருப்புக்கோட்டு:

பரவாயில்லை, சீட்டைக் கொண்டுவாருங்கள். அன்று அந்தக் காயம் இருந்தது என்பதற்கு அது போதும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கூண்டில் கேட்பார்கள். கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ‘ஏன் போலீசுக்குப் போகவில்லை’ என்பதற்கும் நீங்கள் இங்கே முதல் பதிவில் எழுதிய பதிலே போதுமானது, அலங்காரம் வேண்டாம்.

ஊர்சுற்றி:

இவ்வளவு பாடு எதுக்கு, ரெண்டு பேரும் பேசி ம்யூச்சுவல் போட்டா ஆறே மாசத்துல முடிஞ்சுடாதா?

வாய்தா_வாங்கியவன்:

இரண்டு பேரும் பேசும் நிலையில் இருந்தால் இந்த இழையே இருந்திருக்காது தம்பி. ஆனாலும் நீ சொல்வதில் விஷயம் உண்டு. என் வழக்கு கொடுமை என்றுதான் தொடங்கியது. சமரச மையத்தில் உட்காரவைத்துப் பேசி, கடைசியில் 13பி (இருவர் சம்மதத்தோடு மணமுறிவு) என்று மாற்றி முடித்தோம். பிள்ளையைப் பார்க்கும் நாள், பணம், நகை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

சட்டமாணவி:

13பிக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இவர் விஷயத்தில் அது எப்போதோ ஆகிவிட்டது. மனுவுக்குப் பிறகான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஆபத்து: தீர்ப்பாணை வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கையிலிருக்கும் வழக்கை முதலிலேயே வாபஸ் வாங்காதீர்கள்.

மழைக்காலம்:

சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்வந்தேன். ஒரு பெண் வக்கீலை நியமித்திருக்கிறார்கள். நோட்டீசுக்குப் பதில் போய்விட்டது, வங்கி அறிக்கைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுமை, கைவிடல் இரண்டையும் சேர்த்தே மனுவில் போடலாம் என்கிறார். ‘கொடுமையால் வெளியேற நேர்ந்தது, அதற்குப் பின் அவர் கவனிக்காமல் விட்டார்’ என்பதாக. இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காதா? எங்கள் திருமணம் பதிவு செய்யப்படவில்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

கருப்புக்கோட்டு:

கெடுக்காது, அவர் சொன்ன வரிசையில் எழுதினால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும். கொடுமை நிரூபணமானால் அதுவே போதும், கைவிடல் கூடுதல் காரணம். கொடுமை போதவில்லை என்று நீதிமன்றம் நினைத்தால் கைவிடலும் தடுமாறும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். நீங்கள் வெளியே வந்ததற்கான நியாயம் கொடுமையில்தான் இருக்கிறது. அதனால் உழைப்பை அங்கே போடுங்கள். அவரை எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதும், மாமியாரைச் சேர்க்க வேண்டியதில்லை. மணமுறிவு வழக்கில் கூட்டம் சேர்த்தால் சம்மன் சார்வாவதற்கே காலம் போய்விடும்.

பதிவு செய்யாததால் திருமணம் செல்லாமல் போகாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும் வழக்குக்கு அழைப்பிதழ், தாலி கட்டும் போட்டோ, மண்டப ரசீது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போதும். அவருடைய நோட்டீசிலேயே உங்களை ‘என் கட்சிக்காரரின் மனைவி’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த நோட்டீசின் அசலையும் உறையையும் சேர்த்தே வக்கீலிடம் கொடுங்கள், உறையில் தபால் முத்திரைத் தேதி இருக்கும்.